இரண்டு கைகளையும் தூக்கினால்

அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி சரக்கு ரயில் யார்டில் விசாரித்தால் நாலு பேர் யோசிப்பார்கள், நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கொக்கி எங்கே என்று கேளுங்கள், உடனே கை நீளும். அந்தப் பெயர் வேலையால் வந்தது. நிற்கிற இரண்டு சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே குனிந்து புகுந்து, ஒன்றின் இரும்பு வளையத்தைத் தூக்கி மற்றதன் கொக்கியில் மாட்டி, திருகை இறுக்கிவிட்டு வெளியே வர வேண்டும். வளையம் ஒரு வளர்ந்த ஆட்டுக்குட்டியின் கனம் இருக்கும், ஆட்டுக்குட்டியைப் போல ஒத்துழைக்காது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை அதைத் தூக்க வேண்டும்.

மாட்டி முடித்ததும் ஒதுங்கி நின்று கை காட்டுவாள். ரயில் போகும், அவள் நிற்பாள். பதினோரு வருஷமாக இதே கதைதான். அவள் கோத்து அனுப்பிய ரயில்கள் மலை ஏறியிருக்கின்றன, துறைமுகத்துக்குப் போயிருக்கின்றன. அவள் யார்டின் கடைசி சிக்னலைத் தாண்டிப் போனதே இல்லை. அந்த சிக்னலுக்கு அப்பால் தண்டவாளம் லேசாக வலப்பக்கம் வளைந்து ஒரு மேட்டுக்குப் பின்னால் மறையும். அந்த வளைவை இன்ஜினில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, வெறி.

அதனால்தான் ரயில் ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். முதல் தடவை எழுத்துத் தேர்வில் கோட்டை விட்டாள். இரண்டாம் தடவை மகளுக்கு மஞ்சள் காமாலை, தேர்வுக்கே போகவில்லை. மூன்றாம் தடவை விடுவதாக இல்லை. மகளின் பழைய நோட்டுகளின் காலிப் பக்கங்களில் விதிகளை எழுதி எழுதி உருப்போட்டாள். புருஷன் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவர் கடை. வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே கேள்வி கேட்பார், அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பதில் சொல்வாள். ஒரு கட்டத்தில் தையல்காரருக்கே பாதி விதிகள் மனப்பாடம் ஆகிவிட்டன. எழுத்துத் தேர்வில் பாஸ். உடல் பரிசோதனையிலும் பாஸ். வலது தோள்பட்டை மேலே தூக்கினால் சுரீர் என்று இழுப்பதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. செய்முறைத் தேர்வு மட்டும்தான் தொண்டையில் முள்ளாக நின்றது.

மூன்று வாரத்தில் தபாலில் முடிவு வரும் என்றார்கள். ஏழு வாரம் ஆகிவிட்டது. விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. இதில் பெரிய கொடுமை என்னவென்றால், நாற்பதாவது பிறந்தநாளுக்கு முன்பு சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு எவ்வளவு தலைகீழாக நின்றாலும் நடக்காது. பிறந்தநாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

செய்முறைத் தேர்வில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓர் இன்ஜினின் முகத்தை வெட்டிக் கொண்டுவந்து அறைக்குள் வைத்தாற்போல் ஒரு கூண்டு. இருக்கை, கைப்பிடி, பிரேக் எல்லாம் நிஜம், கண்ணாடிக்குப் பதிலாகத் திரை. திரையில் தண்டவாளம் ஓடிவரும், மரங்கள் ஓடிவரும், சிக்னல்கள் வரும். பக்கத்து நாற்காலியில் கண்ணாடி போட்ட ஒரு தேர்வாளர் மடியில் தாளோடு உட்கார்ந்திருந்தார். கொக்கி நன்றாகத்தான் ஓட்டினாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கைக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்தது போல இருந்தது. ஒரு ஸ்டேஷன் வந்தது, நிற்க வேண்டாத ஸ்டேஷன். சிக்னல் பச்சை. பிளாட்பாரத்தின் கடைசியில் சிவப்புச் சட்டை போட்ட ஓர் ஆள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினான்.

அவள் யோசிக்கவில்லை. கை போய் பிரேக்கை இழுத்தது. ரயில் பிளாட்பாரத்தில் பாதியும் வெளியே பாதியுமாக நின்றது.

"ஏம்மா நிறுத்தினீங்க?" என்றார் தேர்வாளர்.

"ஒருத்தர் ரெண்டு கையையும் தூக்கினாருங்க."

"யாரு?"

"பிளாட்பாரக் கடைசில. செவப்புச் சட்டை."

அவர் திரையை எட்டிப் பார்த்தார். "அவரு யாருக்கோ டாட்டா காட்டுறாரும்மா. சும்மா படத்துக்கு வச்சிருக்கிற ஆளு. சிக்னல் பச்சை, பாத்தீங்கல்ல?"

"பாத்தேங்க."

"அப்புறம் என்ன?"

அப்புறம் ஒன்றும் இல்லை. "ரெண்டு கையையும் தூக்கினாருங்க" என்று மறுபடியும் அதையே சொன்னாள். அவர் எழுதினார். நீளமாக எழுதினார். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் பேனா போனதை அவள் பார்த்தாள்.

வெளியே காத்திருந்தவர்களிடம் இதைச் சொன்னபோது ஒரு பஸ் கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தான். "படத்துல இருக்கிறவனுக்கெல்லாம் நிறுத்தினா எப்பக்கா ஊர் போய்ச் சேர்றது?" கொக்கியும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு வீடு வந்து சேருவதற்குள் செத்துவிட்டது.

தேர்வு வைத்தவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. யார்டில் விதிப்புத்தகத்துக்கும் மேலே ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் என்ன சொன்னாலும் சரி, குழந்தையோ குடிகாரனோ, யார் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாலும் இன்ஜின் நிற்க வேண்டும். நின்ற பிறகுதான் ஏன் என்று கேட்கலாம். இந்த வழக்கம் சும்மா வரவில்லை. கொக்கி வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், அவளோடு பெட்டி மாட்டிக்கொண்டிருந்த நெட்டைக்கு, தண்டவாளம் பிரிகிற இடத்தில் கால் மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு கூலியாள் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினான். இன்ஜினில் இருந்தது அன்றைக்கு மட்டும் வந்த ஓட்டுநர். யாரோ வணக்கம் சொல்கிறான் என்று நினைத்து, தானும் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியை நகர்த்தினான். நெட்டையின் இடது கால் முழங்காலோடு போயிற்று. கொக்கிதான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்த பிறகும் அந்தக் கூலியாள் தூக்கின கையை இறக்காமல் நின்றதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

நெட்டை இப்போது யார்டு வாசலில் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறான். தண்டவாளத்துக்குப் போகிறவர்கள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது அவன் வேலை. ஒருநாள் போனைக் கொடுக்கும்போது கொக்கி கேட்டாள்.

"நெட்டை, நான் அன்னிக்கு நிறுத்தினது தப்பா?"

நெட்டை குனிந்து தன் கட்டைக்காலைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். "கேக்கிறதுக்கு ஆள் பாத்து வந்தே பாரு."

ஐந்தாம் வாரத்திலிருந்து கொக்கியை வீட்டில் வைத்துச் சமாளிப்பது பெரும்பாடாகிவிட்டது. குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் நிற்பாள். பாவம், அவர் நல்ல மனுஷன். சைக்கிளை விட்டு இறங்காமலே தூரத்திலிருந்து தலையை ஆட்டி இல்லை என்பார். சில நாள் கழித்து அதற்கும் மனம் வராமல் பின்தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார். கொக்கி பின்தெருவில் போய் நின்றாள்.

"நான் என்னம்மா பண்ணுவேன்? எழுதினாத்தானே கொண்டு வருவேன்?" என்றார் தபால்காரர்.

அதே கதவு எண் அடுத்த தெருவிலும் இருக்கிறதே, கடிதம் அங்கே போயிருந்தால்? போய்க் கதவைத் தட்டினாள். அங்கே இருந்த அம்மா மூன்று மாதப் பழைய காகிதங்களையெல்லாம் கொட்டிக் காட்டினாள். விசாரணை எண்ணுக்குப் போன் போட்டாள். உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. அது பதிவுக் குரல் என்று தெரிந்தும், "எவ்வளவு நாளுங்க ஆகும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஒருநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, அந்த அலுவலகத்துக்கே போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வரும்மா, வரும்."

"எப்பங்க வரும்? பதினாலு நாள்ல எனக்கு நாப்பது ஆயிடும்."

"எல்லாருக்கும்தாம்மா ஆவுது" என்றான் அவன். அவனை நினைத்தால் எனக்கே கை பரபரக்கிறது. ஒரு தாளைப் புரட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அவளுக்குத் தெரிய வேண்டியது ஆம், இல்லை இரண்டில் ஒன்றுதான்.

இதற்கு நடுவில் பஸ் கண்டக்டர் போன் பண்ணினான். அவனுக்குக் கடிதம் வந்துவிட்டது, தேறவில்லை. "மெல்லிசா இருந்துச்சுக்கா, ஒத்தைத் தாள். பாஸானவங்களுக்கு ஃபாரம், புத்தகம் எல்லாம் வச்சுத் தடியா வருதாம். உனக்கு மெல்லிசு இன்னும் வரலையில்ல? அப்போ தடிசுதான் வருது, பாரேன்." கொக்கி அதை உடும்பாகப் பிடித்துக்கொண்டாள். தடித்த கவர், தடித்த கவர் என்று வீட்டில் எல்லாருக்கும் அதே பேச்சு. மகள்கூட ஒருநாள் தன் கணக்குப் புத்தகத்தைக் காட்டி, "இவ்ளோ தடியாம்மா?" என்று கேட்டாள். பதினாலு வயசுப் பெண், விளையாட்டாகத்தான் கேட்டாள். கொக்கி எரிந்து விழுந்தாள். "உனக்கு எல்லாம் கேலியா இருக்கா?" என்று கத்தியதில் முன்னறையில் தையல் மிஷின் நின்றுபோனது. மகள் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாயங்காலம் தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டபடி தையல்காரர் மெல்லச் சொன்னார். "வரலேன்னாலும் நாம உசுரோடதானேம்மா இருப்போம்."

"உங்களுக்கென்ன, உக்காந்து தைக்கிறீங்க. இந்தத் தோள் இன்னும் ஒரு வருஷம் தாங்குமா? அதுக்கப்புறம் நெட்டை பக்கத்துல எனக்கும் ஒரு டின்னு குடுத்து உக்கார வைப்பாங்க. வர்றவன் போறவன் போனை வாங்கி வச்சிக்கிட்டு..." அழுதுவிட்டாள். தையல்காரர் எண்ணெய்க் கையைத் துடைக்காமலே அவள் முதுகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்லதோ கெட்டதோ, பேசத் தெரியாத மனுஷர்.

பிறந்தநாளுக்கு இன்னும் பத்து நாள் என்று ஆனது, ஐந்து என்று ஆனது, இரண்டு என்று ஆனது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் சிவப்புச் சட்டைக்காரன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஏண்டா தூக்கினே, ஒரு கையைத் தூக்கி டாட்டா காட்டினா உனக்குப் போதாதா என்று படத்தில் இருந்தவனோடு மனசுக்குள் சண்டை போட்டாள். அடுத்த நிமிஷமே, அந்தக் கூண்டில் மறுபடி உட்கார வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிடுவேன், யார் எதைத் தூக்கினாலும் நிறுத்த மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். சொல்லி முடித்ததுமே நெட்டையின் கால் நினைவுக்கு வந்தது, தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் வந்தது. போனை டின்னில் போடும்போது நெட்டை, "இன்னிக்கு நீ போனைக் கையிலேயே வச்சிக்கோ, நான் பாக்கல" என்றான். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு டின்னில் போட்டாள். தபாலில் வருவது போனில் எப்படி வரும்?

மத்தியானம் மூன்று மணி இருக்கும். முப்பத்திரண்டு பெட்டி கொண்ட ரயில் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. இன்ஜினில் சிடுமூஞ்சி. யார்டிலேயே அனுபவம் அதிகமுள்ள ஓட்டுநர் அவர்தான், வாயைத் திறந்தால் எரிச்சல்தான் வரும். அரை நிமிஷம் தாமதமானாலும் வாக்கிடாக்கியில் வறுத்து எடுப்பார். கடைசி ஐந்து பெட்டிகளைச் சேர்க்க வண்டி மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. கொக்கி பக்கவாட்டில் நடந்தபடி, "இன்னும் மூணு பெட்டி நீளம்... ரெண்டு..." என்று வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் சொன்னதையெல்லாம் அவர் திருப்பிச் சொன்னார். திருப்பிச் சொல்லாத வார்த்தை யார்டில் கணக்கில் சேராது.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினான்.

"நிறுத்து!" அவள் வாய் கத்தியது. அவளுடைய இரண்டு கைகளும் தாமாக மேலே போயின. வலது தோள் சுரீர் என்றது.

"நிறுத்து" என்றது வாக்கிடாக்கி. பிரேக் கிறீச்சிட்டது. முன்னாலிருந்த பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஒரு குலுக்கு ஓடிவந்து அடங்கியது.

அவள் சக்கரங்களுக்கு அடியில் பார்த்தாள், எதிர்த் தண்டவாளத்தைப் பார்த்தாள். யாருமில்லை, எதுவுமில்லை. அப்புறம்தான் வேலியோரம் நின்ற ஆளைச் சரியாகப் பார்த்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவளுடைய புருஷன். தூக்கிய இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு பழுப்புக் கவர். தூரத்திலிருந்தே தெரிந்தது, தடித்த கவர்.

ஓடினாள். ஓடிக்கொண்டே கத்தினாள். "கையை எறக்குங்க! மொதல்ல கையை எறக்குங்க!"

தையல்காரர் சட்டென்று கைகளை இறக்கினார். "ஐயோ, மறந்தே போச்சும்மா... தபால்காரர் நம்ம கடை வாசலுக்கே ஓடி வந்து குடுத்தாரு. தடிசும்மா! பாரேன், எவ்ளோ தடிசுன்னு!" மூச்சு இரைத்தது. இருந்த பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கவரை அவர் பிரிக்கவில்லை. அவள் பெயருக்கு வந்ததை அவர் பிரிக்க மாட்டார், என்றைக்கும் பிரித்ததில்லை.

கம்பி வேலியின் சந்து வழியாகக் கவர் நுழையவில்லை, அவ்வளவு கனம். மேலே தூக்கிக் கொடுத்தார். அவள் கையுறையைக் கழற்றி, ஓரத்தைக் கிழித்தாள்.

உள்ளே முதலில் கைக்கு வந்தது அவளுடைய பள்ளிச் சான்றிதழ். அடுத்தது பிறப்புச் சான்றிதழ். அடுத்தது யார்டில் கொடுத்த பத்து வருஷப் பணிச் சான்று. விண்ணப்பத்தோடு அவள் அனுப்பிய அசல்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் திரும்பி வந்திருந்தன. அவற்றுக்கு அடியில் ஒற்றைத் தாள். தேவையான மதிப்பெண் எழுபது. பெற்றது அறுபத்தேழு. கீழே ஒரு வரி தட்டச்சாகியிருந்தது. செய்முறை: தேவையற்ற நிறுத்தம், ஐந்து மதிப்பெண் குறைப்பு.

அதை மூன்று தடவை படித்தாள். பிறகு சான்றிதழ்களை ஒழுங்காக அடுக்கி, மறுபடியும் கவருக்குள் வைத்தாள்.

"என்னம்மா போட்டிருக்கு?" தையல்காரரின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. "தடியாத்தானே இருந்துச்சு..."

"என்னோட பேப்பருங்க. திருப்பி அனுப்பிட்டாங்க." அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது போல இருந்தது. "அந்த ஆளுக்கு நிறுத்தினேன்ல, அதுக்கு அஞ்சு மார்க் கழிச்சிட்டாங்க. மூணு மார்க்குல போச்சு."

அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவளுக்குக் கத்தி அழ வேண்டும் போல இருந்தது. அந்தக் கவரை வேலி மேல் வீசி எறிய வேண்டும், இந்த மனுஷரைப் பிடித்து உலுக்க வேண்டும், பதினோரு வருஷத்தையும் யாரிடமாவது திருப்பிக் கேட்க வேண்டும் போல இருந்தது. கண்ணீர் தாடை வரைக்கும் வந்துவிட்டது. கையில் எல்லாம் கிரீஸ், துடைக்க முடியவில்லை.

இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. "கொக்கி. எதுக்கு நிறுத்தினோம்?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். இப்போது சிடுமூஞ்சி என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"வேலிப் பக்கம் ஒருத்தர் ரெண்டு கையையும் தூக்கினாருங்க. ஆபத்து ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரர்தான். தெரியாம தூக்கிட்டாரு."

வாக்கிடாக்கி மறுபடியும் கரகரத்தது.

"ஒருத்தர் ரெண்டு கையையும் தூக்கினாரு" என்று அவர் திருப்பிச் சொன்னார். "நின்னோம். சரி." அவ்வளவுதான். திட்டவில்லை. யார் வீட்டுக்காரராக இருந்தால் என்ன, எதற்குத் தூக்கினால் என்ன என்று அவர் கேட்கவில்லை. "சொல்லு, வரவா?"

கொக்கி கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். கையுறையை மாட்டினாள். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"வாங்க. ரெண்டு பெட்டி நீளம்."

"ரெண்டு பெட்டி நீளம்."

பெட்டிகள் வந்து முட்டின, நின்றன. அவள் குனிந்து உள்ளே போனாள். வளையத்தை இடது கையால் தாங்கி, வலது தோளின் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு தூக்கி மாட்டினாள். திருகை இறுக்கினாள். வெளியே வந்து ஒதுங்கி நின்று கை காட்டினாள். ரயில் நகர்ந்து, கடைசி சிக்னலைத் தாண்டி, வலப்பக்கம் வளைந்து, ஒவ்வொரு பெட்டியாக மேட்டுக்குப் பின்னால் போயிற்று. முப்பத்திரண்டையும் அவள் எண்ணினாள்.

திரும்பிப் பார்த்தபோது தையல்காரர் இன்னும் வேலியோரமாகவே நின்றிருந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.